சாவியை ஒப்படைக்கவும்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சின்ன விளம்பர நிறுவனத்தில், விளம்பர வாசகம் எழுதும் பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்தேன். அப்போது என் வயது அறுபத்து மூன்று. நீங்கள் சிரிக்கலாம். அங்கே வேலை பார்த்த நாலு பேரும் சிரித்தார்கள், மரியாதையாக, என் முதுகுக்குப் பின்னால்.

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற மறு வருடமே தொலைநிலைக் கல்வியில் இதழியல் முதுகலைக்குப் பதிவு செய்தேன். இந்த வயதில் எதற்கு என்று மனைவி கேட்டாள். வீட்டில் எனக்குக் கோப்பு எதுவும் வருவதில்லை என்றேன். தேர்வெல்லாம் எழுதித் தேறியும் விட்டேன். ஆனால் ஆறு வாரம் எங்காவது பயிற்சி பெற்ற சான்றிதழை இணைத்தால்தான் பட்டம் கைக்கு வரும் என்று விதி. விதியை இரண்டு முறை படித்தேன். வயது வரம்பு குறிப்பிடப்படவில்லை.

எனக்கு மேலாளராக இருந்தவர் இருபத்தேழு வயதுப் பெண். நான் அவரை மேடம் என்றேன். அவர் என்னை சார் என்றார். இதில் யார் யாருக்குக் கீழே என்று வருகிறவர்கள் குழம்பினார்கள். முதல் வாரம் ஒரு ஹோம்மேட் சாக்லெட் பெட்டிக்கு வாசகம் எழுதச் சொன்னார். "இந்தச் சாக்லெட் தரமான மூலப்பொருட்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டது என இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். தலைப்பும் போட்டு, கீழே கோடும் போட்டிருந்தேன்.

அவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், இது சாக்லெட்டுங்களா, சம்மனுங்களா?"

அந்த அலுவலகத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம், ஒவ்வொரு வாசகத்தோடும் போக வேண்டிய ஒரு தாள். அதில் ஐந்து கட்டங்கள். எழுத்துப்பிழை பார்த்தாயிற்றா, பெயரும் போன் எண்ணும் சரியா, சொன்னது உண்மைதானா, அளவுக்குள் இருக்கிறதா. ஐந்தாவது கட்டத்தில் இப்படி இருக்கும்: யாருக்காக எழுதினோமோ, அவர்களில் ஒருவரிடம் வாசித்துக் காட்டியாயிற்றா? ஐந்துக்கும் டிக் அடித்து, கையெழுத்தும் தேதியும் போட்டால்தான் வாசகம் அச்சுக்குப் போகும். படிவம் இருக்கிற இடத்தில் நாகரிகம் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். தாளைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது.

மூன்றாவது வாரம் ஒரு தொண்டு அறக்கட்டளையிலிருந்து வேலை வந்தது. குந்தா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், சரிவுகளுக்குக் கீழே இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு மழைக்கால எச்சரிக்கை. ஒரு பிட் நோட்டீஸ், ஜீப்பில் மைக் கட்டி வாசிக்க ஓர் அறிவிப்பு. "இது உங்க ஏரியா சார்" என்று மேலாளர் என்னிடம் தந்துவிட்டார்.

என் ஏரியாதான். எத்தனை மழைக்கு எத்தனை முகாம் திறந்திருக்கிறேன்! பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். மேலே பெரிய எழுத்தில்: "வீட்டைப் பூட்டி சாவியை ஒப்படைக்கவும்." கீழே: "கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளதால், சரிவான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் தங்கள் குடியிருப்புகளைப் பூட்டி, சாவியைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு, உடனடியாக நிவாரண முகாமுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அந்தச் சாவி வரி என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு மழைக்காலத்தில், முகாமுக்கு வந்தவர் வீட்டில் டிவி காணாமல் போய்ப் புகார் என் மேஜைக்கு வந்தது. அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த இடத்திலெல்லாம் சாவியை வாங்கி, எண் போட்ட அட்டை கட்டி, ரசீது கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டு வந்தேன். மறுபடி ஒரு புகார் வரவில்லை. நல்ல நடைமுறை என்று மேலேயிருந்து பாராட்டினார்கள், மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற மனிதனுக்கு இப்படி ஒன்றிரண்டு பெருமைகள்தான் மிச்சம்.

மீதி ஐந்தாவது கட்டம். அதற்கு நான் குந்தா பக்கம் போய், ஒரு லயத்துக்காரரிடம் இதை வாசித்துக் காட்ட வேண்டும். வெளியே தூறல். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் இறக்கம், என் முழங்கால். மறுநாள் காலை உப்புமாவுக்கு நடுவில் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவளும் பொதுமக்களில் ஒருத்திதானே.

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே கவர்ன்மென்ட் மாதிரியே இருக்கு" என்றாள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகத்துக்குப் போய் ஐந்தாவது கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டேன். போகாத இடத்துக்குப் போய்ப் பார்த்ததாக எழுதியதற்காக என் சர்வீஸில் எத்தனை பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. மேலாளர் வாசகத்தைப் படித்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு டிக்கைப் பார்த்தார். அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து மழை பிடித்தது. அவலாஞ்சியில் கொட்டுகிறது என்று எல்லா டிவியிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் காலை, அறக்கட்டளையின் ஜீப்பில் மைக் பிடித்துக்கொண்டிருந்த தொண்டர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். மற்ற லயங்களில் பலர் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு லயம், பதினோரு வீடு, நேற்று சாயங்காலத்திலிருந்து அசையவில்லை. அதற்கு நேர் மேலே தேயிலைச் சரிவில் விரிசல் விழுந்திருக்கிறது. தோட்டத்து ஆபீசிலிருந்து வந்து சொல்லியும் கேட்கவில்லை. "உங்க நோட்டீஸைக் கையில வெச்சுக்கிட்டேதான் வரமாட்டேங்கறாங்க" என்றாராம்.

மேலாளர் எழுந்து கோப்பை எடுத்தார். அந்தத் தாளைத் தேடி என் முன்னால் வைத்தார்.

"இத யாருக்குங்க சார் வாசிச்சுக் காட்டுனீங்க?"

"என் மனைவிக்கு" என்றேன்.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டார். "டிக் போட்டிருக்கீங்களேன்னு நம்பிட்டேன் சார். கெளம்புங்க" என்றார். அவ்வளவுதான். வழியில் இரண்டு இடத்தில் மரம் விழுந்து நின்றோம். 

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். மழை சற்றுக் குறைந்திருந்தது. தகரக் கூரை போட்ட ஒரே நீளக் கட்டடம், பதினோரு கதவு. மேலே சரிவிலிருந்து வழிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறியிருந்தது. மலையில் நாள்பட இருந்தவனுக்கு அந்த நிறம் போதும், மண் நகர ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஜனங்கள் கதவோரம் நின்றிருந்தார்கள். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் போட்டு, பையெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் யாரும் படி இறங்கவில்லை. எல்லோரும் கடைசிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஒரு மனிதர் குடை பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான். கவ்வாத்து வெட்டி, செடிகளைக் கழித்தே காய்த்துப்போன கைகள். என் நோட்டீஸை நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார்.

நான் வழக்கப்படி ஆரம்பித்தேன். "நான் ஓய்வு பெற்ற தாசில்தார். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி..."

"ரிட்டையர் ஆனவங்களா? நானும்தான்" என்றார். "குடைக்குள்ள வாங்க சார், நனையுறீங்க."

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். சட்டம் அங்கேயே முடிந்தது.

"இத நீங்கதான் எழுதுனீங்களா?" என்று நோட்டீஸைக் காட்டினார்.

"ஆமாம்."

"பெழையே இல்லாம எழுதியிருக்கீங்க. எங்கள அங்கேருந்து அனுப்புனப்பவும் இப்புடித்தான், பெழையே இல்லாம எழுதியிருந்திச்சு."

அங்கே என்றால் இலங்கை. இரு நாட்டு ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டு, பதிமூன்று வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். புறப்பட்ட அன்று அவருடைய அப்பா லயத்துக் காம்பிராவைப் பூட்டி, சாவியைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் ஒப்படைத்திருக்கிறார். காம்பிரா என்பது அவர்கள் பேச்சில் குடியிருக்கும் அறை. சாவியை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் வந்து இறங்கியதும் மண்டபம் என்ற ஊரில் முகாம்.

"முகாமுக்குப் போன ஆரும் வீட்டுக்குத் திரும்புனதில்ல சார்" என்றார். "முகாம்னா, அங்கேருந்து வேற எங்கயோ அனுப்பப் போறாங்கன்னு அர்த்தம். எங்கன்னு கேட்டா எழுதியிருக்குன்னுவாங்க."

பக்கத்து வீட்டுப் பெண் குறுக்கிட்டாள். அவளுக்கு இலங்கை தெரியாது, இங்கேயே பிறந்தவள். "எங்க தோட்டத்துல சாவிய ஒப்படைக்கிறதுன்னா வேலை முடிஞ்சு காலி பண்றதுக்குத்தாங்க சார். ஒப்படைச்சா மறுநாளே வேற ஆளு குடி வந்துரும். இவரு ரிட்டையர் ஆகி ரெண்டு வருசமாச்சு. சாவிய எப்ப புடுங்கலாம்னு பாத்துக்கிட்டிருக்காங்க. மழைய சாக்கு வெச்சு வெளியேத்தப் பாக்குறீங்களோன்னு எங்களுக்கு."

என் வாழ்நாளில் அந்த மூன்று வார்த்தைகளை, முகாம், சாவி, ஒப்படைத்தல், எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன்! எனக்கு முகாம் என்றால் ஒரு பதிவேடு. எத்தனை பாய், எத்தனை போர்வை, எத்தனை கிலோ அரிசி. படிக்கிறவனுக்கு அது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கச் சொல்லி ஒரு கட்டமே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதையும் உப்புமாவோடு முடித்துவிட்டேன்.

மேலாளர் தன் கைப்பையிலிருந்து ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து நீட்டினார்.

"எழுதுங்க சார். இங்கயே. அவர்கிட்டக் கேட்டுக் கேட்டு எழுதுங்க."

வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கியது, எப்படி என்று தெரியவில்லை. மேலே சரிவிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்து வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தன. "பொதுமக்களுக்கு" என்று ஆரம்பித்தேன். பழக்கம்.

"அது ஆரு சார்?" என்றார்.

"நீங்கள்தான்."

"நாங்க தோட்டத்து ஆளுங்க. பொதுமக்கள்னா டவுன்ல இருக்குறவங்க. நேத்து மைக்குல வாசிச்சப்பவே பாதிப் பேரு அது நமக்கில்லன்னு உள்ள போயிட்டாங்க."

அந்த வார்த்தையை அடித்தேன். "பதினோரு வீட்டு ஆட்களும்" என்று போட்டேன்.

"முகாம எடுத்துருங்க."

"அதற்குப் பதில் என்ன போடுவது?"

"மேல ஸ்கூல்லதான தங்க வைக்கிறீங்க? ஸ்கூல்னே போடுங்க. அது நம்ம ஸ்கூலு. எம்புள்ளைங்க படிச்சது."

"செல்லவும்" என்று எழுதினேன். அதைப் பார்த்தார். "செல்லவும்னா நீங்க வரமாட்டீங்களா?" என்றார். அடித்துவிட்டு "வாங்க" என்று போட்டேன்.

சாவி வரிக்கு வந்தோம். "வீட்டைப் பூட்டிக்கங்க. சாவி உங்க மடியிலயே இருக்கட்டும்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். கதவோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்திருந்தார்கள். அவர் தலையாட்டினார். பிறகு, "திரும்பி வந்து நாங்களே தொறக்கலாமா? அதயும் எழுதுங்க" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. பரிசீலிக்கப்படும், ஆவன செய்யப்படும், இதற்கு மேல் நான் எழுத்தில் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. மேலாளரைப் பார்த்தேன். அவர் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன்: "மழை விட்டதும் வந்து நீங்களே திறந்துக்கலாம்."

"கையெழுத்துப் போடுங்க" என்றார்.

போட்டேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே போய் அடுப்பை அணைத்தார். கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகினார். அதைப் பார்த்துப் பத்தாவது கதவு பூட்டியது, ஒன்பதாவது பூட்டியது. அந்தப் பதினோரு பூட்டின் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. மைக்குக்கு வேலையே இருக்கவில்லை.

பள்ளிக்கூடம் எதிர்ப்பக்க மேட்டில் இருந்தது. எல்லோரும் ஏறி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நான் ஓய்வு பெற்றவன் என்பதை மறந்து பெயர்ப் பட்டியல் எடுத்தேன். மேலாளர் குழந்தைகளுக்குப் பன் பிய்த்துக் கொடுத்தார். ரோட்டை மண் மூடியதால் நாங்களும் அங்கேயே இருந்தோம்.

நாலு மணிக்குச் சரிவு இறங்கியது. லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் நீளமாக. வராந்தாவுக்கு ஓடி வந்து பார்த்தோம். லயத்தின் கடைசி நாலு வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், வேரோடு வந்த தேயிலைச் செடிகளும் கிடந்தன. மீதி ஏழு வீடு அப்படியே நின்றது. யாரும் அழவில்லை. ஒரு குழந்தை மட்டும் தன் வீட்டுப் பூனையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். கை இடுப்புக்குப் போனது. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எதத் தொறக்குறது சார்?" என்றார்.

கோபம் இல்லை. மனுவில் ஓர் இணைப்பு குறைகிறது என்று நான் எத்தனையோ பேரிடம் சொன்ன அதே குரல்.  அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

என் பயிற்சி முடிந்தது. சான்றிதழில் 'குறிப்பு' என்ற இடத்தில் மேலாளர் தன் கையால் எழுதியிருந்தார்: "நன்றாக எழுதுவார். வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும்." என் பணிப்பதிவேட்டில் எவரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை. பட்டமும் வந்தது. பீரோவில் இருக்கிறது.

அந்த மனிதருக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை. தோட்டக் கணக்கில் அவர் ஓய்வு பெற்றவர், காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம், அதனால் இடிந்தது அவர் வீடு அல்ல. வேறொரு லயத்தில் சொந்தக்காரர் வீட்டில் பாதி அறையில் இருக்கிறார். மூன்று வருடமாக நானும் அவரும் மனுவோடு ஏறி இறங்குகிறோம். எந்த மேஜைக்கு எதற்குப் பிறகு போக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். போன வருடம் ஓர் அலுவலகத்தில் இளவயது எழுத்தர் ஒருவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மிகவும் பணிவாக, "அன்னிக்கு அவர் அங்க குடியிருந்தார்ங்கறதுக்கு ஆதாரம் வேணுங்க ஐயா. சாவி ஒப்படைச்ச ரசீது இருந்தா ஈசியா முடிஞ்சிரும்" என்றார். அது யார் கொண்டுவந்த நடைமுறை என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. என்னோடு வந்தவர் சட்டைப் பையிலிருந்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த அந்த நோட்டுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் மேல் சாவியை வைத்தார். எழுத்தர் இரண்டையும் பார்த்தார். எதில் இணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த நிறுவனத்தின் ஐந்து கட்டத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். லயத்து வாசற்படியில் எழுதிய வாசகத்துக்காக அதை நிரப்பி, என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஐந்தாவது கட்டத்துக்கு, இந்த முறை நேர்மையாக, டிக் அடித்திருக்கிறேன். மூன்றாவது கட்டம், சொன்னது உண்மைதானா என்கிற கட்டம், இன்னும் காலியாக இருக்கிறது. அவர் இடுப்பில் இருக்கும் சாவிக்கு ஒரு கதவு கிடைத்து, அதை அவரே திறக்கும் நாளில்தான் அங்கே டிக் அடிக்க முடியும். அதுவரை, சான்றிதழ் என்ன சொன்னாலும், என் பயிற்சிக் காலம் முடியவில்லை.